அண்ணாச்சி சொன்ன பத்தியம்

எழுபதுகளின் தொடக்கம். நடு அந்தமானில், ரங்கத் கடைவீதியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சாலை போடும் இலாகாவில் மேஸ்திரி வேலை. பரமக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள் நான். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் வங்காளிக் குடும்பம், எதிரே ராஞ்சிக்காரர்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் தெலுங்குக்காரர்கள். யாரோடு சண்டை போட வேண்டுமென்றாலும் இந்தியில்தான் போட வேண்டும். அதனால் எனக்கு இந்தி சீக்கிரமே வந்துவிட்டது.

குடியிருப்பு முனையில் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். திருநெல்வேலிக்காரர் என்பதால் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. வங்காளிகள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள், அது அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு. கடை போடுவதற்கு முன்னால் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி அடுக்களையில் பல வருஷம் சமையல்காரராக இருந்தவர். இந்தக் கட்டில்காரருக்கு உப்பில்லாமல், அந்தக் கட்டில்காரருக்கு எண்ணெயில்லாமல் என்று நர்ஸுகள் சொல்லச் சொல்ல ஆக்கி அனுப்பியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. உடம்புக்கு முடியவில்லை என்றால் ரங்கத் ஆஸ்பத்திரிக்குப் போவோம், டாக்டர் மருந்து கொடுப்பார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வரமாட்டோம். அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து, டாக்டர் இன்னது சொன்னார் என்று ஒப்பிப்போம். அதைக் கேட்டுவிட்டு அவர் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்லுவார். மருந்து அங்கே, பத்தியம் இங்கே. இது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

தோன்றாததற்குக் காரணமும் உண்டு. அங்கே வரும் டாக்டர்கள் எல்லாம் வடக்கேயிருந்து வருபவர்கள். ஆரஞ்சுப் பழம் கொடு, திராட்சை கொடு என்பார்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் எங்களுக்கு உருளைக்கிழங்கே வரும், திராட்சைக்கு எங்கே போவது. அண்ணாச்சி அப்படியில்லை. பப்பாளி, முருங்கைக்கீரை, அன்றைக்குப் பிடித்த மீன் என்று கைக்கு எட்டும் சாமானைத்தான் சொல்லுவார். எதிர்வீட்டு ராஞ்சிக்காரரின் குழந்தை வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தபோது, வேளாவேளைக்கு நீர்க்கஞ்சி ஊற்றவைத்துத் தேற்றியவர் அவர். அந்தக் குழந்தை ஊரெல்லாம் ஓடித் திரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். நம்பாமல் என்ன செய்வது?

எங்களுக்கு மகள் பிறந்த வருஷம், மழை நின்ற சமயத்தில் என் வீட்டுக்காரருக்குக் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும். “கல்யாணம் ஆனா சதை போடும்னு சொன்னாங்க, இப்பத்தான் போடுது” என்று கிண்டல் செய்வார். அப்புறம் காலும் வீங்கியது. பூட்ஸ் ஏறவில்லை. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். சிறுநீரைப் பார்த்ததும் கிட்னி கெட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கூட இருந்த மலையாளத்து நர்ஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னார். உப்பு கூடாது, கருவாடு கூடாது, கறி கூடாது, பருப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அடுத்த படகிலேயே போர்ட் பிளேர் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும்.

“அப்ப என்னதான் குடுக்குறது?” என்று கேட்டேன். நர்ஸ் அதை டாக்டரிடம் கேட்டார். அவர் அடுத்த நோயாளியின் சீட்டைப் பார்த்துக்கொண்டே “சாதா கானா” என்றார். எங்கள் வீட்டில் சாதாச் சாப்பாடு என்றால் கருவாடும் பருப்பும்தான். இதை யாரிடம் சொல்ல? வாசலில் அவ்வளவு கூட்டம். டாக்டரையும் குறை சொல்ல முடியாது, ஒரே ஆள்.

வழக்கம்போல அண்ணாச்சி கடையில் வந்து உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “உப்பில்லாம ஆக்குறது எனக்குப் புதுசா என்ன? கவலப்படாதீங்க தங்கச்சி, நான் சொல்லுதேன்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் எங்கள் அடுப்படிக்கே வந்து, மாங்காயைத் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கல் உப்பில்லாமல் மீன்குழம்பு வைத்துக் காட்டினார். உப்பில்லாச் சோற்றை முதல்நாள் தட்டோடு தள்ளிவிட்டு எழுந்த மனுஷர், அன்றைக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. பூட்ஸ் ஏறியது. போர்ட் பிளேர் போகும் படகில் முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை இடம் கிடைத்தும் அவர் போகவில்லை. “உடம்புதான் சரியாயிட்டு வருதே. மழைக்கு முன்னால இந்த ரோட்ட முடிச்சிட்டுப் போறேன்” என்றார். நானும் வற்புறுத்தவில்லை. கண்ணெதிரே ஆள் தேறி வருகிறபோது யாருக்குத்தான் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் இறங்கி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையத் தோன்றும்?

பிறகு வெயில் வந்தது. அங்கே மாசி பங்குனியில் கிணறெல்லாம் வற்றிப்போகும். ஊறுகிற கொஞ்சத் தண்ணீரும் கலங்கல். வெயிலில் நின்று ரோட்டு வேலை பார்க்கிறவருக்குத் தண்ணீரை அளந்து குடி என்றால் எப்படி? நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று தவிப்பார். தம்ளரைப் பிடுங்கி வைக்கிற வேலை எனக்கு. பெற்ற பிள்ளையிடம் பாலைப் பிடுங்குகிற மாதிரி இருக்கும்.

அதையும் அண்ணாச்சியிடம்தான் போய்ச் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. “டாக்டர் தண்ணிதான வேண்டாம்னாரு? எளநி குடுங்க. அது தண்ணியா? மருந்துல்லா. ஒண்ணுக்கு நல்லாப் பிரிஞ்சு போகும், உடம்புச் சூடும் இறங்கும்.”

அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நானே ஒருநாள் அதைக் கொடுத்திருப்பேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன். எங்களைச் சுற்றித் தென்னைமரம்தான். தாகத்துக்கு இளநீர், நீர்க்கடுப்புக்கு இளநீர், வீட்டுக்கு யார் வந்தாலும் இளநீர். பிறந்ததிலிருந்து நல்லது என்று கேட்டு வளர்ந்த ஒன்று. காலையில் இரண்டு வெட்டிக் கொடுப்பேன். வேலைக்கும் கொண்டுபோவார். சாயங்காலம் வந்ததும் மறுபடியும். என்னிடம் தண்ணீருக்காகக் கெஞ்சுவதை அவர் விட்டுவிட்டார். அந்த நிம்மதியில் நான் வேறு எதையும் கவனிக்கவில்லை.

சிறுநீர் குறைந்துகொண்டே வந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. கால் மரத்துப்போகிறது, கை ஓய்ந்துபோகிறது என்றார். வெயிலில் நிற்பதால் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் தள்ளாடித் தள்ளாடி எழுந்தவர், கதவைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். ஜல்லி ஏற்ற வந்த இலாகா லாரியில் அவரைப் படுக்க வைத்து ரங்கத்துக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தலை என் மடியில் இருந்தது. ரோட்டின் பள்ளங்களை நான் வைய, “நாங்க போட்ட ரோட்ட வையாத” என்று சிரித்தார். அவர் என்னோடு பேசியது அதுதான் கடைசி.

டாக்டர் ஓடிவந்து பார்த்தார். என்ன கொடுத்தாய், என்ன கொடுத்தாய் என்று என்னைக் கேட்டார். உப்பில்லாத சோறு, உப்பில்லாத குழம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, இளநீரையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. “நாரியல் பானி? கித்னா?” என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று நான் விரல்விட்டுக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவசர அவசரமாக ஊசி போட்டார்கள். மத்தியானம் என் வீட்டுக்காரருடைய இதயம் நின்றுபோயிற்று.

மலையாளத்து நர்ஸ்தான் என்னை வெளியே அழைத்துவந்து, தூணோரம் உட்கார வைத்துச் சொன்னார். இளநீரில் ஒருவகை உப்புச் சத்து இருக்கிறதாம். நல்ல உடம்பாக இருந்தால் அது சிறுநீரில் போய்விடும். கிட்னி கெட்டவர்களுக்குப் போகாமல் ரத்தத்தில் சேர்ந்து, கடைசியில் இதயத்தைப் பிடித்துவிடும். “எளநீ விஷம் ஒண்ணும் இல்ல, சேச்சி. நமக்கெல்லாம் நல்லதுதான். இவருக்குத்தான் ஆகாது” என்றார். சொல்லும்போது அவரும் அழுதார். அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். “இவ்வளவு குடிப்பீங்கன்னு டாக்டருக்குத் தெரியல. அவங்க ஊர்ல இது கிடையாது. நானாவது கேட்டிருக்கணும்” என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ராஷன் கடைக் கொட்டகையில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். டாக்டர் மேலிடத்துக்குப் புகார் எழுதியிருந்தார். அதிகாரி ஒருவரும் போலீஸ்காரர் ஒருவரும் வந்திருந்தார்கள். குடியிருப்பே கூடி நின்றது. அண்ணாச்சி ஓரமாக, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார். அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் அன்றைக்கும் சொல்லத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

இளநீர் கொடுக்கச் சொன்னது இவரா என்று அதிகாரி இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல முடியாது. பிறகு நானாகவே சொன்னேன். இவர் எங்களிடம் ஒன்றும் வாங்கியதில்லை. என்ன கொடுக்கலாம் என்று டாக்டரிடம் நான் கேட்டேன், எதைக் கொடுக்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னார்கள். வீட்டில் என்ன குடிக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இதையும் எழுதுங்கள் என்றேன். அதிகாரி பேனாவை மூடினார். அது இந்த விசாரணையில் வராது என்றார். நல்ல மனுஷர்தான், அதட்டவில்லை. உட்காரச் சொல்லி எனக்கு நாற்காலிகூடப் போட்டார். ஆனால் எழுதவில்லை.

வைத்தியம் பார்க்க அனுமதி இல்லாதவர்கள் நோயாளிகளுக்கு மருந்தோ பத்தியமோ சொல்லக் கூடாது, மீறினால் வழக்கு என்று எல்லாருக்கும் சத்தமாகச் சொன்னார்கள். அண்ணாச்சி இனிமேல் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “சாப், எளநில என்ன இருக்கு? அது ஏன் ஆகாது?” என்று உடைந்த இந்தியில் கேட்டார். அது உனக்கெதற்கு, அதுதான் உன் வேலை இல்லை என்கிறோமே என்று போலீஸ்காரர் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

எனக்குப் பொறுக்காத இடம் இதுதான். யார் பேசக் கூடாது என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர்கள், எது ஆளைக் கொன்றது என்று சொல்லவில்லை. கூட்டம் கலைந்து போகும்போது, சூனியமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அண்ணாச்சி இளநீரில் எதையோ கலந்திருப்பார் என்றார் இன்னொருவர். இளநீர் கிட்னிக்காரருக்கு ஆகாது என்ற ஒரு வரி மட்டும் யார் காதிலும் விழவில்லை. அதைக் கேட்டிருந்தவள் நான் ஒருத்திதான். எனக்கோ அப்போது யாரிடமும் வாய் திறந்து பேசவே பிடிக்கவில்லை.

அண்ணாச்சி கடையை மூடவில்லை. ஆனால் பேச்சை மூடிவிட்டார். டீயில் சர்க்கரை போடவா என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார். எதிர்வீட்டு ராஞ்சிக்காரரின் மனைவி குழந்தைக்குச் சளி என்று போய்க் கேட்டபோது, ஆஸ்பத்திரி இருக்கிற திசையைக் கையால் காட்டினாராம்.

அப்படி இருந்தவர் ஒருநாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, “தங்கச்சி, எளநிதான் அவரக் கொன்னுச்சா? நெசமாச் சொல்லுங்க” என்றார்.

கதவைச் சாத்திவிடலாமா என்றுதான் முதலில் இருந்தது. ஆனால் அவர் கண்ணைப் பார்த்தால் அது மன்னிப்புக் கேட்க வந்த கண்ணாக இல்லை, பயந்த கண்ணாக இருந்தது. நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டு முடித்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஓடைக்கு அங்கிட்டு தெலுங்கு வீட்டுலயும் கால்வீக்கம். அதே கிட்னிதான். அவங்களுக்கும் நான் எளநிதான் சொல்லியிருக்கேன். என் வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. நான் போனா போலீஸுக்கு மட்டுமில்ல, அந்தப் பொம்பளைக்கும் பயமாயிருக்கும். நீங்க ஒரு எட்டுப் போய்ச் சொல்லிட்டு வாங்க தங்கச்சி.”

அண்ணாச்சி வாசற்படியில் இருக்கும்போதே கிளம்பிவிட்டேன். கைக்குழந்தையை வங்காளி வீட்டில் விட்டுவிட்டு ஓடையைத் தாண்டிப் போனேன். போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். செத்துப்போனவர்மேல்கூட.

அந்த வீட்டு வாசலில் வெட்டிப்போட்ட இளநீர்க் கூடுகள் குவிந்து கிடந்தன. உள்ளே கட்டிலில் அந்த மனுஷர் கால் வீங்கிப் படுத்திருந்தார். அவர் மனைவி என் வயசுக்காரி, இளநீர் சீவும் அரிவாளோடு வந்து நின்றாள். இளநீர் கொடுக்காதே, இந்த வியாதிக்கு ஆகாது என்று இந்தியில் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தாலியறுத்து இன்னும் துக்கம் ஆறாதவள், விளக்கு வைக்கிற நேரத்தில் வந்து புருஷனுக்கு இதைக் கொடுக்காதே என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அண்ணாச்சி நல்லது என்று சொன்னாரே என்றாள். அண்ணாச்சிக்குத் தெரியாது என்றேன். உனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றாள். அது நியாயமான கேள்வி. என்னிடம் என்ன இருக்கிறது, செத்துப்போன ஒரு புருஷனைத் தவிர?

பிறகு அவள் கேட்டாள், “டாக்டர் போலா க்யா?” டாக்டர் சொன்னாரா என்று.

டாக்டர் அவளுக்கென்று எதையும் சொல்லி அனுப்பவில்லை. நான் அவரைப் பிறகு பார்க்கவே இல்லை. இல்லை என்று சொன்னால் அவள் உள்ளே போய் இன்னொரு காயை வெட்டுவாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“ஹாங்” என்றேன். “டாக்டர் சாப் போலா. உன் வீட்டுக்குப் போய்ச் சொல்லச் சொல்லி என்னை அனுப்பினார். நாளைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.”

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, வேறு என்ன சொன்னார் என்று கேட்டாள். தெரிந்ததைத்தான் சொன்னேன். வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறோம், என்னென்ன குடிக்கிறோம் என்று அவர் கேட்காவிட்டாலும் ஒன்று விடாமல் சொல்லு, விரட்டினாலும் சொல்லிவிட்டு வா என்றேன். மறுநாள் காலையில் அந்த மனுஷரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை அண்ணாச்சி கடையிலிருந்து பார்த்திருக்கிறார். அங்கிருந்து போர்ட் பிளேருக்கும், பிறகு கப்பலில் மெயின்லேண்டுக்கும் கொண்டுபோனார்கள் என்று கேள்வி. அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. அவர் பிழைத்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி அடுத்த வருஷம் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று சில சமயம் யோசிப்பேன்.

இப்போது போர்ட் பிளேர் பக்கத்தில், புரோத்ராபூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கென்றே படித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் மகள் கூட்டிப்போனாள். படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் மறுப்பில்லை. தெரியாதவர் பாசத்தோடு சொன்னாலும் உயிர் போகும் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். ஆனால் சொல்ல உரிமை உள்ளவர்களுக்குக் கேட்கிற கடமையும் இருக்கிறது. அந்தப் பெண் முதலில் என்னைத்தான் பேச விட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து என்ன சாப்பிடுவீர்கள், என்ன குடிப்பீர்கள் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவள், அழுதுவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

டாக்டர் சொன்னார் என்று அந்தத் தெலுங்கு வீட்டு வாசலில் நான் சொன்ன பொய்க்காக ஒருநாளும் வருந்தியதில்லை. அப்படி ஒரு பொய்யைச் சொல்லவாவது, என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது, என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.